இரண்டாவது குக்கர்

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் தயிருக்கு இடமில்லாமல் போன மார்கழி அது. நடுத்தட்டைக் கழற்றி எறிந்துவிட்டு இரண்டு ஐந்து லிட்டர் குக்கர்களை உள்ளே திணித்திருந்தேன். இரண்டிலும் சாம்பார் இல்லை, பொங்கல் இல்லை. கோடியக்கரைக்கு அப்பால் படகில் போய்க் கடலடியிலிருந்து அள்ளி வந்த கன்னங்கரிய சேறு, குக்கருக்கு ஆறு பாட்டிலாக உட்கார்ந்திருந்தது.

எனக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியில் வேதியியல் வாத்தியாரம்மா. ஸ்ரீரங்கத்தில் மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். என் வீட்டுக்காரர் துவாக்குடியில் சின்னதாக ஒரு வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். வேலை பார்த்துக்கொண்டே முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து, இழுத்து, இழுத்து, இரண்டு முறை கால நீட்டிப்பும் வாங்கியாகிவிட்டது. மூன்றாவது நீட்டிப்பு கிடையாது. கையில் மிச்சமிருந்தது நான்கே மாதம். அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் ஏழு வருஷமும் காவிரித் தண்ணீரோடு போகும்.

கொடுத்திருப்பேன். ஆய்வுக் குழுவில் ஒருவர் கேட்ட ஒரே ஒரு கேள்விதான் தடுத்தது. "அம்மா, இந்தச் சேற்றைப் படகில் எடுத்தீங்க, பஸ்ஸில் கொண்டுவந்தீங்க, மூணு மாசம் கழிச்சு அளந்தீங்க. நீங்க அளந்தது கடலையா, பஸ் பயணத்தையா?"

அன்று எனக்கு வந்த கோபத்தில் அவருக்கு வைத்திருந்த காபியை நானே குடித்துவிட்டேன். ஆனால் கேள்வி நியாயமானது. கடலடிச் சேற்றின் மேலே ஒரு விரல் தடிமனுக்குத்தான் பழுப்பு. அதற்குக் கீழே பிராணவாயு கிடையாது, எல்லாம் கறுப்பு. அங்கே வாழும் நுண்ணுயிர்கள் சல்ஃபைடு என்ற கந்தகச் சரக்கை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். அது இரும்பைப் பிடித்துக்கொள்ளும், கூடவே ஈயம், துத்தநாகம், காட்மியம் என்று கிடைத்த உலோகத்தையெல்லாம் பிடித்துவைத்துக்கொள்ளும். காற்று பட்டதோ போச்சு. பிடி விட்டுப் போகும், கறுப்பு துருநிறமாகும், உலோகமெல்லாம் தண்ணீருக்கு வந்துவிடும். பாட்டில் மூடியைச் சரியாகத் திருகாமல் விட்டால் போதும், கடலில் இல்லாத ஒரு கடலை அளந்து எழுதிவிடுவோம்.

ஆகவே கடைசி அத்தியாயம் ஒன்றைச் சேர்ப்பது என்று முடிவாயிற்று. ஒரே சேற்றை நான்கு பங்கு போட்டு நாற்பது நாள் வைத்திருப்பது. ஒரு பங்கு ஃப்ரீசரில், ஒரு பங்கு காற்றுப்பட ஃப்ரிட்ஜில், ஒரு பங்கு செய்தித்தாளில் பரப்பி நிழலில் உலர்த்தி, ஒரு பங்கு காற்றே படாமல் குளிரில். நான்காவது பங்குதான் அளவுகோல். கடலில் இருந்தபடியே இருப்பது அதுதான். மற்ற மூன்றும் எவ்வளவு கெட்டன என்பதை அதோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும்.

காற்றுப் படாமல் வைப்பது எப்படி என்று நான் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார்:

"இதுக்கா இவ்ளோ யோசனை? உருகுற எவர்சில்வர் மேல காத்து பட்டா எங்களுக்கும் பொத்தல் விழும். அதுக்குத்தான ஆர்கான் அடிக்கிறோம். உன் சேத்துக்கும் அதையே அடிச்சிரு."

இருபது வருஷ தாம்பத்தியத்தில் அவர் என் ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்ன முதல் புத்திசாலித்தனமான வாக்கியம் அது. நான் அப்படியே எழுந்து போய் அவர் தட்டில் இன்னொரு அப்பளம் வைத்தேன்.

மறுநாளே இரண்டு புதுக் குக்கர் வாங்கி, பக்கவாட்டில் துளை போட்டு, குக்கருக்கொரு வால்வு பற்றவைத்துக் கொண்டுவந்தார். வால்வு வழியாக, எதோடும் சேராத வாயுவான ஆர்கான் உள்ளே போகும். விசில் வைக்கிற மூக்கில் ஒரு ரப்பர் குழாய், அது வழியாக உள்ளே இருப்பது வெளியேறும். பிறகு குழாயைக் கிளிப் போட்டு இறுக்கிவிட வேண்டும். ரப்பர் வளையம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் காற்று கொஞ்சம் கொஞ்சமாக நுழையப் பார்க்குமாம், அதனால் தினமும் காலையில் இரண்டு நிமிஷம் ஆர்கான் அடித்தே ஆக வேண்டும். ஒரு நாள் தவறினால் எவ்வளவு காற்று நுழைந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. சொல்ல முடியாததை ஆய்வேட்டில் எழுத முடியாது.

கல்லூரி ஆய்வகத்தில் பத்தொன்பது நாள் நன்றாகத்தான் போயிற்று. கிறிஸ்துமஸ் விடுமுறையில் கட்டடத்துக்குப் புது ஒயரிங் போடுவதாகச் சொல்லி மூன்று வாரத்துக்கு மின்சாரத்தை நிறுத்தினார்கள். வேறு வழி? சேறு, குக்கர், சிலிண்டர் எல்லாவற்றையும் ஆட்டோவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சிலிண்டரைப் பார்த்து யாரும் மிரளக் கூடாதென்று கழுத்துவரை பழைய சுங்குடிப் புடவையைச் சுற்றியிருந்தேன்.

யாரும் என்றால் கீழ்வீட்டு மாமி. வீட்டுக்குச் சொந்தக்காரர், அறுபத்திரண்டு வயது, தனியாக இருந்தார். வீடு பார்க்க வந்த அன்றே எங்களிடம் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். "ஆத்துக்குள்ள முட்டைகூட வரப்படாது. வெளியில போய் யானையைச் சாப்பிட்டாலும் நான் கேக்கமாட்டேன்." நாங்கள் அந்த வாக்கை அஞ்சு வருஷமாகக் காப்பாற்றினோம். ஆம்லெட் ஆசை வந்தால் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்த் தின்றுவிட்டு வருவோம்.

என் சமையலறை ஜன்னலும் மாமியின் பூஜையறையான பெருமாள் உள்ளின் ஜன்னலும் ஒரே காற்றுப்பொந்தில்தான் திறக்கும். குக்கரின் ரப்பர் குழாயை நான் அந்தப் பொந்துக்குள் விட்டிருந்தேன். தினமும் காலை ஏழரைக்கு உஸ்ஸ்ஸ் என்று இரண்டு நிமிஷம், மறுபடி உஸ்ஸ்ஸ் என்று இரண்டு நிமிஷம். பதினோரு நாள் மாமி ஒன்றுமே கேட்கவில்லை.

வைகுண்ட ஏகாதசி வந்தது. அந்த நாளில் ஸ்ரீரங்கத்துக்குள் சைக்கிள் நுழைவதே பெரும்பாடு. வண்டியையெல்லாம் காவிரிப் பாலத்துக்கு அந்தப் பக்கமே நிறுத்திவிடுவார்கள். அதனால் இரண்டு நாள் முன்னதாகவே வீட்டுக்காரர் பட்டறையிலிருந்து புது சிலிண்டர் ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். அதற்கும் ஒரு புடவை சுற்றினேன். ஏகாதசிக்கு முந்தின நாள் காலை புது சிலிண்டரை மாட்டி முதல் குக்கருக்கு அடித்தேன். பழைய சிலிண்டரில் மிச்சம் இருந்ததை வீணாக்குவானேன் என்று இரண்டாவது குக்கருக்கு அதையே அடித்துத் தீர்த்தேன். சிக்கன புத்தி. என் அம்மா கொடுத்த சீதனத்தில் உருப்படியானது அது ஒன்றுதான்.

ஏகாதசி அன்று காலை. பட்டறையில் அவசர வேலை என்று வீட்டுக்காரர் முந்தின நாளே துவாக்குடியில் தங்கிவிட்டார். முதல் குக்கரை முடித்துவிட்டு, இரண்டாவது குக்கரில் குழாயைச் சொருகி, சிலிண்டர் வால்வின் மேல் கையை வைத்தேன். வாசல் மணி அடித்தது. சும்மா அடிக்கவில்லை, நிறுத்தாமல் அடித்தது.

மாமி நின்றிருந்தார். விடியற்காலையில் சொர்க்கவாசல் சேவித்துவிட்டு வந்த மடிசார், நெற்றியில் ஈரம் காயாத ஸ்ரீசூர்ணம், கண்ணில் நெருப்பு.

"ஏண்டிம்மா, இன்னிக்குமா? ஏகாதசியும் அதுவுமா முட்டையா?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "மாமி! அஞ்சு வருஷமா இந்த வீட்டுக்குள்ள முட்டை வாசனை வந்திருக்கா? வாங்க, உள்ள வந்து நீங்களே பாருங்க. அஞ்சறைப் பெட்டியைக்கூடத் திறந்து பாருங்க!" என்று கையைப் பிடித்து இழுக்காத குறையாகச் சமையலறைக்குக் கூட்டிப்போய் ஃப்ரிட்ஜைத் திறந்தேன்.

காற்றுப்பட வைத்திருந்த பங்கு கதவோரம் வரிசையாக நின்றது. மாமி எட்டிப் பார்த்தார்.

"பெருமாளே! சாக்கடையை எதுக்குடி பாட்டில்ல வெச்சிருக்கே?"

"சாக்கடை இல்ல மாமி. சமுத்திரம். அடிச் சமுத்திரம். கொஞ்சம் முட்டை மாதிரி நாறும், அது அதோட குணம். ஆனா ஆர்கான்ல கீழ்வீடு வரைக்கும் நாறாதே!" என்று ஆரம்பித்து சல்ஃபைடு, நுண்ணுயிர், நான்கு பங்கு என்று மூச்சுவிடாமல் பாடம் நடத்தினேன். முதல் வருஷ மாணவிகள்கூட அவ்வளவு பொறுமையாகக் கேட்டதில்லை. முடித்ததும் மாமி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அப்படின்னா நேத்திக்கு என்ன மாத்தினே?"

"நேத்திக்கா?"

"பதினோரு நாளா உஸ்ஸுனு சத்தம் வரது. சத்தம்தான், வாசனை துளி இல்லை. நேத்திக்குக் காலம்பற ஏழரைக்கு, நான் திருவாராதனத்துக்கு உக்காரறேன், குப்புனு அடிச்சது. ஒரு சத்தத்துக்கு அடிச்சது. ரெண்டாவது சத்தத்துக்கு இல்லை. இன்னிக்கும் அதே மாதிரி மொத சத்தத்துக்கு அடிச்சது. ரெண்டாவது சத்தம் வரதுக்குள்ள ஓடி வந்தேன்."

ஏழு வருஷமாகச் சேற்றோடு கிடந்ததில் என் மூக்கு மரத்துப்போயிருந்தது, எனக்கு எந்த வாசனையும் தெரியவில்லை. முதல் சத்தம் புது சிலிண்டர். இரண்டாவது சத்தம் பழைய சிலிண்டர். நேற்று ஏழரை மணிக்கு நான் மாற்றியது அது ஒன்றைத்தான்.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். "ஏங்க, அந்த சிலிண்டர் என்ன சிலிண்டர்?"

"ஆர்கான்தான். அலமாரிப் பக்கம் இருந்தத எடுத்தேன்..." என்று இழுத்தவர், சட்டென்று நிறுத்தினார். "இரு. கழுத்துல சீட்டு ஒட்டியிருக்கும், பாரு."

புடவையை உருவினேன். சீட்டு இருந்த இடத்தில் கோந்து மட்டும் இருந்தது. என் சுங்குடிப் புடவை அதைச் சுரண்டி எடுத்துவிட்டிருந்தது.

"பெரிய இரும்பு வேலைக்குக் கார்பன் டை ஆக்சைடு கலந்த மிக்ஸ் ஒண்ணு வாங்கியிருந்தோம்மா," என்றார் மெல்ல. "அதுவும் அங்கனதான் இருந்துச்சு."

"மாமி, சுண்ணாம்பு இருக்கா? வெத்தலைக்குப் போடுவாங்களே, அது!"

மாமி படியிறங்கிப் போய்த் தாம்பூலத் தட்டோடு வந்தார். ஒரு டம்ளர் தண்ணீரில் சுண்ணாம்பைக் கலக்கி, தெளிந்த நீரை மட்டும் இன்னொரு டம்ளரில் இறுத்தேன். புது சிலிண்டரின் குழாயை அதில் விட்டு வால்வை ஒரு நூல் திறந்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த சோதனை இது: கார்பன் டை ஆக்சைடு இருந்தால் வெளுக்கும். நாலு குமிழி வருவதற்குள் தண்ணீர் வெளுத்துவிட்டது.

"அடடா, பால் மாதிரி ஆயிடுத்தே!" என்று மாமி கைதட்டினார்.

நான் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த வாயு சேற்றில் கரைந்தால் சேறு சோடாவாகப் புளிக்கும், புளிப்பு ஏறினால் சல்ஃபைடு வாயுவாகக் கிளம்பும், முட்டை நாற்றம் மாமியின் பெருமாளைப் போய்ச் சேரும். முதல் குக்கர் கெட்டது. இரண்டாவது குக்கர்? என் கை வால்வின் மேல் இருந்தபோது மணி அடித்ததே! இன்னும் ஒரு நொடி மாமி தாமதித்திருந்தால் அளவுகோல் மொத்தமும் போயிருக்கும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சும்மா சிரிப்பில்லை, கண்ணில் தண்ணீர் வர, மூக்கு ஒழுக, பைத்தியக்காரச் சிரிப்பு. மாமியும் என்னைப் பார்த்துச் சிரித்தார். உபவாசத்தில் சிரித்தால் தலை சுற்றும்போலிருக்கிறது, பக்கத்தில் அவரும் உட்கார்ந்துவிட்டார்.

சிரித்தால் மட்டும் ஆயிற்றா? இரண்டாவது குக்கருக்கு அன்றைக்கு அடிக்க வேண்டிய ஆர்கான் வீட்டில் இல்லை. துவாக்குடியிலிருந்து சிலிண்டர் உள்ளே வர முடியாது. மறுபடி போன் போட்டேன். சுத்த ஆர்கானைப் பட்டறை வண்டியில் ஏற்றிக்கொண்டு பாலத்துக்கு அந்தப் பக்கம் வந்து நிற்பதாகச் சொன்னார். சிலிண்டர் வர முடியாவிட்டால் என்ன, குக்கர் போகலாமே! குக்கரைப் பெரிய ஒயர்கூடையில் இறக்கி, சுற்றிலும் ஐஸ் பையை அடைத்து, ஈரத்துண்டு போர்த்தினேன். தூக்கிப் பார்த்தேன். கை தோளோடு வந்துவிடும்போலிருந்தது.

"ஒரு காதை என்கிட்ட குடு," என்றார் மாமி.

"மாமி, நீங்க பட்டினி."

"முட்டைன்னு சொன்னது நான்தானே. அபசாரம். நட."

உலகமே ஸ்ரீரங்கத்துக்குள் வந்துகொண்டிருந்தது. நாங்கள் இரண்டு பேர் மட்டும் எதிர்த்திசையில், ஆளுக்கொரு காதாகக் கூடையைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் வழி, கொஞ்சம் வழி" என்று போனோம். மடிசார் கட்டிய மாமியும் குக்கரும் சேர்ந்தால் ஜனங்களுக்கு ஒரே அர்த்தம்தான். "பிரசாதமாங்க? எங்க குடுக்குறீங்க?" என்று ஒருவர் கேட்டார். இல்லை என்று சொல்லச் சொல்ல நாலு பேர் பின்னாலேயே வந்தார்கள். ஒரு அம்மா தொன்னையை நீட்டிவிட்டார். மாமிக்கு உதடு துடித்தது. "என்னைப் பாக்காதேடி, எனக்கு சிரிப்பு வரது," என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார்.

பாலத்துக்கு முன்னால் தடுப்பு. ஒரு பெண் போலீஸ் கூடையைப் பார்த்தார், துண்டை விலக்கினார், முகம் மாறியது.

"குக்கர்ல எதுக்குங்க வால்வு? குழாய் வேற? திறங்க."

சிரிப்பெல்லாம் எங்கே போயிற்றோ. "திறக்க முடியாதுங்க. திறந்தா காத்து போயிரும் உள்ள. என் ஏழு வருஷம் இதுல இருக்கு" என்று கல்லூரி அடையாள அட்டையை நீட்டினேன். சொல்லும்போதே எனக்கே அது பேத்தலாகக் கேட்டது. அவர் அட்டையைப் பார்த்தார், குக்கரைப் பார்த்தார், "திறக்காம அனுப்ப முடியாதும்மா" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான்.

"திறக்க வேண்டாம், மோந்து பாருங்கோ," என்றார் மாமி. "அந்தக் கிளிப்பை ஒரு துளி தளத்துடி. உள்ள இருக்கிறதுதானே வெளியில வரும்? வெளியில இருக்கிறது உள்ள போகாதோல்லியோ?"

போகாது. உள்ளே அழுத்தம் கொஞ்சம் இருந்தது. பதினோரு நாள் உஸ்ஸைக் கேட்டதில் மாமிக்கு அது புரிந்திருந்தது, எனக்குத்தான் பதற்றத்தில் தோன்றவில்லை. கிளிப்பை அரை நொடி தளர்த்தினேன். உஸ்.

காற்றுப்பொந்தைத் தாண்டி எட்டாத இலேசான நாற்றமும் குழாயிலேயே மூக்கை வைத்தால் தெரியத்தானே செய்யும், பெண் போலீஸ் குனிந்தவர் நிமிர்ந்தார். "ஐயய்யோ, முட்டை!"

"முட்டையாவது! சமுத்திரம்மா இது!" என்று மாமி ஒரு அதட்டல் போட்டார் பாருங்கள், தொன்னையோடு நின்ற அம்மா நாலடி பின்வாங்கினார்.

பெண் போலீஸ் மறுபடியும் குனிந்து மோந்தார். இந்தமுறை நிதானமாக. "இது கழிச்சேறு நாத்தம்ல? நான் நாகப்பட்டினங்க. அப்பா வலையை உதறுனா வீடு பூரா இதேதான் அடிக்கும்." அட்டையை என் கையில் திருப்பிக் கொடுத்தார். "இத எதுக்குங்க மாமி குக்கர்ல வெச்சிருக்கீங்க?"

"கெட்டுப்போகாம இருக்கத்தான்," என்றார் மாமி.

அவர் தடுப்பை நகர்த்தினார். பாலத்தின் அந்தக் கோடியில் வீட்டுக்காரர் சிலிண்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அதில் மூன்று இடத்தில் 'ஆர்கான்' என்று பெயின்ட்டில் எழுதியிருந்தது. பெயின்ட் இன்னும் காயவில்லை, சட்டையெல்லாம் ஆர்கான். வழியெல்லாம் சேர்த்துவைத்திருந்த திட்டு அத்தனையும் அந்தச் சட்டையைப் பார்த்ததும் மறந்துபோயிற்று. காவிரிக்கரையில், பஸ் ஹாரனுக்கு நடுவே, இரண்டு நிமிஷம் உஸ்ஸ்ஸ் என்று அடித்தோம். மாமி கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொன்னார்.

நாற்பதாம் நாள் கல்லூரியில் மின்சாரம் வந்திருந்தது. காற்றுப் புகாத கையுறைப் பெட்டிக்குள் வைத்து இரண்டு குக்கரையும் திறந்தேன். கண்ணுக்கு இரண்டும் ஒரே கறுப்பு, ஒரு வித்தியாசமும் இல்லை. அளந்தால்தான் தெரிந்தது: முதல் குக்கரின் சேறு புளித்து, பிடித்துவைத்திருந்ததில் கொஞ்சத்தைக் கைவிட்டிருந்தது. காற்றுப் படாமல் வைத்தால் மட்டும் போதாது, என்ன வாயுவில் வைக்கிறோம் என்பதும் முக்கியம். நான்கு பங்கு போட்ட அத்தியாயத்தில் ஐந்தாவது பங்கு ஒன்று தானாக வந்து உட்கார்ந்தது. இரண்டாவது குக்கர் மட்டும் நல்லபடியாக இருந்திராவிட்டால் இதில் ஒன்றையும் சொல்லியிருக்க முடியாது.

தவறை ஒளிக்காமல் எழுதினேன். தவறு தெரியவந்தது எப்படி என்ற இடத்தில் "கீழ்வீட்டில் வசிப்பவர் வாசனையை உணர்ந்து, நேரத்துடன் தெரிவித்தார்" என்று போட்டேன். என் கைடு அதை அடித்தார். மறுபடி எழுதினேன். மறுபடி அடித்தார். மூன்றாம் முறை எழுதி, கெடு முடிய இரண்டு நாள் இருக்கையில் கொடுத்தேவிட்டேன்.

வாய்மொழித் தேர்வு எல்லோரும் வந்து கேட்கலாம் என்ற வகை. மூன்றாவது வரிசையில் வீட்டுக்காரர், பக்கத்தில் மடிசாரில் மாமி. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"வாயு மாறினதை வாசனையால் கண்டுபிடிச்சதா எழுதியிருக்கீங்க. ஆனா சேற்றோட வேலை செய்யறவங்களுக்கு மூக்கு மரத்துப்போகும்னு நீங்களே அடுத்த பக்கத்துல எழுதியிருக்கீங்க. அப்ப யாரோட மூக்கு?"

நான் மூன்றாவது வரிசையைப் பார்த்தேன். என் கைடு தரையைப் பார்த்தார்.

"நான்தான்," என்று மாமி எழுந்து நின்றார். "காலம்பற ஏழரை. மொத சத்தத்துக்குத்தான் வந்தது, ரெண்டாவதுக்கு இல்லை. சந்தேகமே கிடையாது."

தேர்வாளர் அவரையே பார்த்தார். பிறகு எழுந்து கைகூப்பினார். ஹாலே சிரித்தது, நான் மட்டும் அழுதேன்.

பட்டம் கொடுக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒரே ஒரு திருத்தம் கேட்டார்: பயன்படுத்திய கருவிகளின் பட்டியலில் ஒன்று விடுபட்டிருக்கிறது, விவரத்தோடு சேர்க்கவும். அன்று சாயங்காலமே சேர்த்தேன். அமிலமானி, நிறமாலைமானி, தராசு எல்லாவற்றுக்கும் கீழே இப்படி இருக்கிறது: "மூக்கு. ஒன்று. வயது அறுபத்திரண்டு. அளவீட்டின்போது உபவாசத்தில் இருந்தது."